சமர்ப்பணப் பக்கம்

ஜெனிட்டா மரியநாதன் என்கிற இருபத்துமூன்று வயதுப் பெண்ணை, அவள் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு என்னோடு சண்டை போட்டுக்கொண்டு உயிரோடு இருக்கும்போதே, செத்துப்போனவள் என்று அச்சடித்துவிட்டார்கள். என் புத்தகத்தில், ஐந்தாம் பக்கத்தில். அச்சடித்தவர் இதோ எட்டு வரிசைக்கு முன்னால் நின்று மைக்கை உள்ளங்கையால் தட்டுகிறார், பின்னாடி கேட்குதா என்கிறார், கேட்கிறது சார், நன்றாகவே கேட்கிறது, நான்தான் உங்களைக் கேட்க வந்திருக்கிறேன். கேள்வியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், நான்கு வரி, நான்கு தடவை அடித்துத் திருத்தியது. சுயமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கான ஆலோசனை முகாம் என்று வாசலில் பேனர், அதில் இவர் படம், பதிப்பு ஆலோசகர் கார்மேகம், கைகட்டிச் சிரிக்கிறார். திருச்சியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடி ஹால். கல்யாணத்துக்குப் போடுகிற நாற்காலிகள்தான், ஒவ்வொன்றுக்கும் வெள்ளை உறை மாட்டி முதுகில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஆள் உட்கார்ந்த நாற்காலியும் ஆள் இல்லாத நாற்காலியும் பின்னாலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி, தலை இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். நாற்பது பேர் இருப்போம். எல்லோர் மடியிலும் அவரவர் புத்தகம், குழந்தைக்கு ஊசி போட வந்தவர்கள் மாதிரி. கேள்வியெல்லாம் கடைசியில் என்று சொல்லிவிட்டார் கார்மேகம். சரி, கடைசியிலேயே கேட்கிறேன். நான் படிக்கிற பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவரையே எழுந்து நின்று கேள்வி கேட்டவள் நான், வாயை மூடு மணிமொழி என்று என் அப்பாவே சொல்லி ஓய்ந்துவிட்டார். அட்டையைப் பற்றிப் பேசுகிறார் இப்போது. கடை மேசையில் உங்கள் புத்தகம் மூன்று விநாடிதான் உயிரோடு இருக்குமாம், அதற்குள் ஒரு கை நீளவில்லையென்றால் முடிந்ததாம். உங்கள் முகத்தை அட்டையில் போடாதீர்கள், சூரியன் உதிக்கிற படம் போடாதீர்கள், முதல் நாவலுக்கு ஆறு பேரிடம் முன்னுரை வாங்காதீர்கள், ஆறு பேர் தூக்கிக்கொண்டு வந்தால் உள்ளே இருப்பது என்ன என்று படிக்கிறவன் பயந்துவிடுவான் என்கிறார். ஹாலே சிரிக்கிறது. நானும் சிரித்துவிட்டேன், பிறகுதான் அவர் சொன்னது என்ன என்று உறைத்தது. நாலு பேர் ஆறு பேர் தூக்குவதெல்லாம் இவருக்கு விளையாட்டு.

நாற்பது நிமிடம். அதைத்தான் கேட்கப் போகிறேன். ஒரு தாய்க்கு நாற்பது நிமிடம் மகள் இல்லாமல் போனதற்கு உங்கள் ஆலோசனை என்ன சார். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர் அவளுடையது, வீட்டுக்கும் மாதா கோவிலுக்கும் நடுவே மணல்தான். அவள் அம்மா அருள்மேரி செவ்வாய்க்கிழமை காலைப் பூசையைத் தவறவிடுகிறவர் இல்லை. பூசை தொடங்குமுன் யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கிறார்கள் என்று பெயர் வாசிப்பார்களாம், நோயாளிகள், பிறந்தநாள்காரர்கள், பிறகு இறந்தவர்கள். சாமியார் ஊருக்குப் புதிது, எந்த வீட்டில் யார் என்று தெரியாது, தாளில் இருந்ததை வாசித்தார். மரித்த ஜெனிட்டா மரியநாதனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் இருந்த அருள்மேரி அம்மா முதலில் மற்றவர்களோடு சேர்ந்து பதில் ஜெபம் சொன்னாராம். அதுதான். கேட்டதும் அலறியிருந்தால் பரவாயில்லை. வாய் பழக்கத்தில் மகளின் ஆத்துமத்துக்காக மன்றாடி முடித்தது, அப்புறம்தான் காது பெயரைக் கேட்டது. ஜெனிட்டா இங்கே விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தாள், ஃபோன் சத்தமில்லாமல் தலையணைக்கு அடியில். முப்பத்தொரு தடவை அழைத்திருக்கிறார்கள். அவள் எழுந்து எடுக்கும்வரை நாற்பது நிமிடம், அந்த வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்துவிட்டன, யாரோ பெஞ்சு கூடக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். பூசை கொடுத்தது அவளுடைய பழைய டீச்சர் டெய்சி, இப்போது மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறார். என் ஃப்ரெண்டு புத்தகம் வரப்போகுது டீச்சர், வாங்குங்க என்று ஒரு மாதம் முன்பே அவருக்கு முன்பதிவு லிங்க் அனுப்பியது யார்? ஜெனிட்டாதான். டீச்சர் வாங்கினார், ஐந்தாம் பக்கத்தைப் பிரித்தார், அந்த வீட்டுக்கு ஃபோன் பண்ணி என்னவென்று விசாரிக்க மனம் வராமல், கோவிலுக்கு ஃபோன் பண்ணிப் பூசைக்குச் சொல்லிவிட்டார். இதையெல்லாம் அன்று மத்தியானம் ஊருக்குப் போகிற பஸ்ஸிலிருந்து ஜெனிட்டா என்னிடம் சொன்னாள். கோபமில்லை, அழுகையில்லை, பஸ் டைம் சொல்வது மாதிரி சொன்னாள். வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பதினொரு நாள். நான் அனுப்பியது பதினேழு செய்தி. பதினேழும் படித்ததற்கு நீலக்குறி இருக்கிறது, பதில் இல்லை. என் அம்மாவிடம் சொன்னால், செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி, நல்லதுதான் என்கிறாள். எந்த ஆராய்ச்சியில் வந்தது இது என்று அவளோடும் ஒரு சண்டை.

விடுதியில் அவள் கட்டில் என் கட்டிலுக்கு எதிரே. முதல் இரண்டு நாள் அதன்மேல் எல்லோரும் துணி போட்டார்கள், மூன்றாம் நாளிலிருந்து யாரும் போடுவதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. மெஸ்ஸில் தட்டு எடுக்கும்போது அந்தப் பொண்ணு என்று இழுத்துவிட்டு மெஸ் அக்கா நிறுத்திக்கொண்டார். ஊருக்குப் போயிருக்காக்கா என்றேன். ம்ம், போயிருக்கு என்றார், அந்தப் போயிருக்கு என்பதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் துண்டு கொடியில் காய்ந்து விறைத்துக் கிடந்தது, நான்தான் மடித்து அலமாரியில் வைத்தேன், வைத்த பிறகு எதற்காக வைத்தேன் என்று எடுத்துத் திரும்பக் கொடியிலேயே போட்டேன். பாருங்கள், நானா அவளைக் கொன்றேன்? மேடையில் நிற்கிறாரே இவர். இவருடைய அலுவலகம். நான் எழுதியது ஒரே சொல், ஜெனிட்டாவுக்கு. அதை மறைந்த என் தோழி ஜெனிட்டா மரியநாதனின் நினைவுக்கு என்று மாற்றியது இவர்கள். யாரைக் கேட்டு மாற்றினார்கள்? என் புத்தகத்தில் முதல் கதை கடலைப் பற்றியது. பன்னிரண்டு வயதில் ஜெனிட்டாவை அலை இழுத்துக்கொண்டு போய், அவள் மாமா வள்ளத்திலிருந்து குதித்து முடியைப் பிடித்துத் தூக்கி வந்தார், அதை அவள் விடுதியில் ஒரு மழை நாளில் சொன்னாள், கடலுக்கு அடியில் சத்தமே இல்லைடி, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு நிறுத்தின மாதிரி இருந்துச்சு என்றாள். அந்த வாக்கியம் கிடைத்ததும் எனக்குக் கை அரித்தது. எழுதினேன். என் கதையில் மாமா குதிக்கவில்லை, வள்ளம் வரவில்லை. கதைக்கு அதுதான் சரியாக இருந்தது. படித்துவிட்டு, என்னைக் கொன்னுட்டியேடி பாவி என்று தலையணையால் அடித்தாள், சிரித்துக்கொண்டுதான் அடித்தாள். அப்புறம் நான் என்னுரையில் எழுதினேன், முதல் கதையில் வரும் பெண் என் தோழி ஜெனிட்டாதான், இதில் கற்பனை எதுவும் இல்லை என்று. உண்மைச் சம்பவம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், வாசகர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார் என்று ஆலோசனை சொன்னதும் இதே கார்மேகம்தான். அப்படியானால் யார் தப்பு? அவர் சொல்லி நான் எழுதினேன், நான் எழுதியதை நம்பி அவர்கள் போட்டார்கள். இல்லை, இப்படி வாதம் செய்தால் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். கேட்காமல் மாற்றியது தப்பு. அங்கேயே நிற்கிறேன்.

மெய்ப்புக்கு, அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்துவதற்கு, வந்துவிட்டார். மெய்ப்புப் பார்ப்பதைப் பற்றி இந்த மனிதர் பேசுவதைக் கேட்க வேண்டும், கோவிலில் பேசுகிற மாதிரிக் குரல் தணிந்துவிடுகிறது. கணினித் திரையில் பார்க்காதீர்கள், தாளில் எடுங்கள். ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்குங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள், கதை உங்களை இழுத்துக்கொண்டு போகாது. கதையை எல்லோரும் பார்ப்பார்கள், முதல் எட்டுப் பக்கத்தை ஒருவரும் பார்க்க மாட்டார்கள், தலைப்பு, உரிமை, சமர்ப்பணம், அங்கேதான் பெரிய தப்பு உட்கார்ந்திருக்கும், வீட்டில் திருடன் பூந்தால் வாசல்கதவுக்குப் பின்னால்தான் ஒளிவான் என்கிறார். நாங்கள் மூன்று நாள் தருகிறோம், மூன்று நாளில் பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொண்டு அச்சுக்கு அனுப்பிவிடுவோம், அது எங்கள் முறை, அதனால் பாருங்கள், தயவுசெய்து பாருங்கள். எனக்கும் மூன்று நாள் தந்தார்கள். ஆய்வுக் கட்டுரை கொடுக்க வேண்டிய வாரம் அது, நான் பார்க்கவில்லை. பதினேழு செய்தியிலும் அதைத்தான் எழுதினேன், நான் பார்க்கலை ஜெனி, பார்த்திருந்தா விட்டிருப்பேனா, அந்த ஆளைச் சும்மா விட மாட்டேன் என்று. பார்க்கவில்லை. ஆனால் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு கால்புள்ளி விட்டுப்போனது என்று அவர்களுக்கு எழுதினேனே, அது எப்படி? ஏதோ திறந்தேன், கதையை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். பிடிஎஃப் திறந்தால் முதல் பக்கத்திலிருந்துதானே திறக்கும். கீழே தள்ளித்தானே நாற்பத்திரண்டுக்குப் போக வேண்டும். தள்ளினேன், வேகமாகத் தள்ளினேன், நடுவில் ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது, அதன் நடுவில் சின்ன எழுத்தில் இரண்டு வரி. விடுதி அறையில் ஃபேன் சத்தம். எதிர்க் கட்டிலில் ஜெனிட்டா சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள், போர்வைக்கு வெளியே ஒரு பாதம். இதை எதற்கு இப்போது நினைக்கிறேன்? ஹாலில் ஏசி அதிகம். கையில் முடி நிற்கிறது.

பக்கத்து நாற்காலிக்காரர் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். எழுபது இருக்கும், புதுக்கோட்டை, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெயர் சோமநாதன் என்று காலையிலேயே சொன்னார். போன வருடம் போய்விட்ட மனைவிக்கு அவர் எழுதிய கவிதைகள் அவர் மடியில், அட்டையில் அந்த அம்மா மூக்குத்தியோடு பார்க்கிறார். கார்மேகம் சார் சொல்வது அத்தனையும் உண்மை, நான் மூன்று முன்னுரை வாங்கி ஏமாந்துபோனேன் என்று கிசுகிசுத்தார். பிறகு என் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்தேன். அவர் கதைப்பக்கம் போகவில்லை, ஐந்தாம் பக்கத்தில் நின்றுவிட்டார். வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். சின்ன வயசுப் புள்ளைங்களாச்சே என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, எப்படிம்மா தவறினாங்க என்றார்.

இல்லை சார், அது தப்பாக அச்சாகிவிட்டது, அவள் நன்றாக இருக்கிறாள். இதுதான் பதில். என் வாயில் இதுதான் தயாராக இருந்தது, பதினொரு நாளாக எல்லோரிடமும் இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் எனக்கென்று ஒரு இடம் இருந்தது, அவர் உட்கார்ந்திருக்கிற திண்ணையில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்ட மாதிரி. கடல்ல சார் என்றேன். என் குரல்தான். ஐயோ என்றார். கிடைச்சாங்களா என்றார். இல்லை என்றேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது, சத்தியமாகக் கலங்கியது, நடிக்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. மேலே கேட்டிருந்தால் அவள் கடைசியாகக் கட்டியிருந்த துணியின் நிறத்தைக்கூடச் சொல்லியிருப்பேன், கதையில் எழுதி வைத்திருக்கிறேனே, மஞ்சள் பாவாடை. அவர் என் கையைத் தட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். திங்கட்கிழமை அவர் வீட்டம்மாவுக்குக் கோவிலில் மோட்ச தீபம் ஏற்றுகிறாராம், அதே தீபத்தில் இந்தப் பிள்ளை பேரையும் சேர்த்துக்கொள்கிறேன், வேற மதமா இருந்தா என்ன, போற வழிக்கு வெளிச்சம்தானே என்றார். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார், ஒவ்வொரு எழுத்தாக, ஜெ, னி, பேனா தாளில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். ஒரு ஊரில் அவள் பெயரை ஏற்கெனவே வாசித்துவிட்டார்கள். இப்போது இன்னொரு ஊரில். இரண்டு சாமிக்கும் சொல்லியாகிவிட்டால் அப்புறம் யாரிடம் போய் இல்லை என்பது? சொல் மணிமொழி. அவர் முழுப்பெயரையும் எழுதி முடித்து, கீழே ஒரு கோடு போட்டு, டைரியை மூடிப் பைக்குள் நெஞ்சருகே வைத்துக்கொண்டார். மேடையில் கார்மேகம், இனிமே கேள்வி கேட்கலாம் என்றார்.

எழுந்துவிட்டேன். வெள்ளை நாற்காலிகள் எல்லாம் திரும்பின, தலைகளோடு. நோட்டில் எழுதியிருந்த நான்கு வரியில் முதல் வரிதான் வந்தது, மீதி எல்லாம் தானாக வந்தது, என் பெயரைச் சொன்னேன், புத்தகத்தின் பெயரைச் சொன்னேன், கேட்காமல் மாற்ற நீங்கள் யார் என்றேன், கோவிலில் பெயர் வாசித்ததையும் வாசலில் பெஞ்சு போட்டதையும் சொன்னேன், குரல் ஏறிக்கொண்டே போய், உயிரோட இருக்கிறவளை எப்படி சார் செத்தவள்னு போட்டீங்க என்று முடிந்தது. பக்கத்தில் சோமநாதன் சார் அசையாமல் இருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கார்மேகம் சண்டைக்கு வருவார், வந்தால் பேசலாம் என்று இருந்தேன். அவர் மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கி நான்கு வரிசை நடந்து வந்தார். அவர் அலுவலகத்தில் பக்கம் கட்டுகிற பெண் என்னுரையைப் படித்து, கதையைப் படித்து, அழுதுகொண்டே அந்த வரியைப் போட்டிருக்கிறாள், உங்கள் தோழிக்கு வெறும் ஒரு சொல்தானா என்று அவளுக்குப் பொறுக்கவில்லை, கேட்காமல் போட்டது தப்பு, என் தப்பு, அந்த அம்மாவிடம் நானே வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். மைக் இல்லாமல் அவர் குரல் சாதாரணக் குரல். பிறகு கேட்டார், திட்டுகிற மாதிரி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "மூணு நாள் உங்க கையில இருந்துச்சே. நீங்க அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லையாம்மா?"

ஃபேன். விடுதி அறை. வெள்ளைப் பக்கம், நடுவில் இரண்டு வரி, எதிரே போர்வைக்கு வெளியே ஒரு பாதம். தள்ளிப் போனேன். நாற்பத்திரண்டு வரை போனேன். பிறகு திரும்பி மேலே வந்தேன், அதைத்தான் பதினொரு நாளாகத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன், நான் திரும்பி வந்தேன். ஐந்தாம் பக்கத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். மறைந்த என் தோழி. எவ்வளவு அழகாக இருந்தது. ஜெனிட்டாவுக்கு என்று இருந்தபோது அது ஒரு விடுதிப் பெண் எழுதிய புத்தகம், இந்த வரி வந்ததும் அது புத்தகம் ஆகிவிட்டது, நான் ஒருத்தியை இழந்தவள் ஆகிவிட்டேன், இழந்தவள் எழுதினால்தான் எழுத்து என்று எனக்கு யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை. நிமிர்ந்து எதிர்க் கட்டிலைப் பார்த்தேன். அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன். விடவில்லை போலத் தோன்றியது ஒரு கணம், அந்த ஒரு கணம் எனக்குப் பயம் வரவில்லை. கால்புள்ளியைப் பற்றி மட்டும் அவர்களுக்கு எழுதி அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தேன்.

"பார்த்தேன்," என்றேன். கார்மேகம் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே மேடைக்குப் போனார், வேற யாருக்காவது கேள்வி உண்டா என்றார். உட்கார்ந்தேன். சோமநாதன் சார் டைரியை எடுத்தார், அந்தப் பக்கத்தைப் பிரித்தார், ஜெனிட்டா மரியநாதன் என்பதன் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தார். அடித்த பெயர் எழுதின பெயரைவிட மோசமாக இருந்தது. என் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தார். அவர் வீட்டம்மாவின் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார், எங்களுக்கு நடுவே வெள்ளை உறை மாட்டிய ஒன்று காலியாக நின்றது. ஃபோனை எடுத்தேன். பதினேழு செய்தியும் வரிசையாக நின்றன, எல்லாம் கார்மேகத்தைப் பற்றி, எல்லாம் என் நியாயம். பதினெட்டாவதை எழுதினேன். பார்த்தேன் ஜெனி. நல்லாயிருக்குன்னு நினைச்சுத்தான் விட்டேன். மன்னிச்சுக்கோ என்று சேர்க்கப் போய், அதை அழித்துவிட்டு அனுப்பினேன். உடனே நீலக்குறி. டைப் செய்கிறாள் என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது, நின்றது. மேடையைப் பார்த்து யாரோ அட்டைக்கு எந்த நிறம் ராசி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடலுக்கு அடியில் இருப்பவள் எழுதினால் இவ்வளவு நேரம் ஆகுமா என்று நினைத்தேன், நினைத்ததற்காக என் கையை நானே கிள்ளிக்கொண்டேன். அப்புறம் வந்தது.

"தெரியும். கமா வரைக்கும் பார்க்கிறவ நீ. இன்னைக்கே பஸ் ஏறி வா. நான் உயிரோடதான் இருக்கேன்னு அம்மாகிட்ட நீயே வந்து சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க."